வா-வா பெடல் (கிட்டார் ஓசையை 'வா-வா' என்று பேச வைக்கும் கால்மிதி): சில கேள்விகள், பதில்கள்

கே: பெடல் புதுசு. மிதிக்கிறேன், சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. கெட்டுப்போன பீஸா?

ப: அநேகமாக ஆனே ஆகியிருக்காது. டன்லப் க்ரை பேபி ஜிசிபி95 போன்ற சாதாரண மாடல்களில் விளக்கு கிடையாது. ஸ்விட்ச், மிதிக்கும் தட்டின் முன்முனைக்கு அடியில் இருக்கிறது. எழுந்து நின்று, கால் விரல் பக்கம் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஸ்விட்ச்சைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் மேலே தூக்கி மறுபடி இறுக்குங்கள். அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். பேட்டரியில் ஓட்டினால் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அது சொருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

கே: அண்ணா, எப்படி ஆட்டினாலும் ஒரே 'வாக்கா வாக்கா'தான். காலுக்குப் பயிற்சி ஏதாவது?

ப: பெடல் செய்வது ஒன்றுதான். ஓசையின் ஒரு சிறு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டும் ஒரு மேட்டை, ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்துகிறது. குதிகால் இறங்கினால் 'ஊ', விரல் இறங்கினால் 'ஆ'. எந்த நோட்டில் வாய் திறக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ரிதம். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 அடி. இடது கையால் ஸ்ட்ரிங்கை மியூட் செய்து, அடிக்கு நான்கு ஸ்ட்ரோக். கால் அடிக்கு ஒரு சுற்று மட்டும்: அடி விழும்போது விரல் கீழே, பாதி அடியில் குதிகால் கீழே. கை வேகமாகப் போகும்போது காலும் கூடவே ஓடப் பார்க்கும், அதை அடக்குவதுதான் பயிற்சி. இது படிந்த பிறகு இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் முழுதாகத் திறவுங்கள். 1971இல் பாடகர் ஐசக் ஹேய்ஸுக்காக சார்ல்ஸ் பிட்ஸ் வாசித்த 'ஷாஃப்ட்' பாடலின் கிட்டார் இந்த வகைதான்.

சோலோவில் தாளத்துக்குக் கால் ஆட்டுவதை அடியோடு விடுங்கள். ஒரு நீண்ட பெண்டை (ஸ்ட்ரிங்கை வளைத்துச் சுருதி ஏற்றுவது) எடுத்துக்கொண்டு, சுருதி ஏற ஏற மெதுவாகத் திறந்து, இறங்கும்போது மூடுங்கள். முழுத் தூரமும் மிதிக்கத் தேவையில்லை, நடுப்பகுதியிலேயே பாதிப் பேச்சு இருக்கிறது.

கே: வாவை டிஸ்டார்ஷன் (ஓசையைக் கரகரப்பாக்கும்) பெடலுக்கு முன்னால் வைப்பதா, பின்னாலா? ஃபஸ் ஃபேஸ் என்ற டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் வைத்தால் வா செத்துப்போகிறது, சில நேரம் கீச்சிடுகிறது.

ப: முன்னால் வைத்தால் மனிதக் குரல் மாதிரி அடக்கமாக வரும், கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வழி அது. பின்னால் வைத்தால் ஹார்மோனிக்ஸ் நிறைந்த சத்தத்தை வடிகட்டுவதால் சிந்தசைசர் போல மூர்க்கமாக இருக்கும், இரைச்சலும் கூடும். எனக்கு முன்னால்தான் பிடிக்கும்.

ஃபஸ் ஃபேஸின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது தரும் எதிர்ப்பு) மிகக் குறைவு. வாவின் வெளியீட்டை அது இழுத்துப் பிடிப்பதால் ஸ்வீப் (மேடு நகரும் வீச்சு) சுருங்குகிறது. நடுவில் ஒரு பஃபர் (இரண்டையும் பிரித்து சிக்னலைத் தாங்கும் சிறு சர்க்யூட்) வைத்தால் வா உயிர் பெறும். ஆனால் எப்போதும் ஓடும் பஃபர் வேண்டாம்: கிட்டார் வால்யூமைக் குறைத்து ஃபஸ்ஸைச் சுத்தமாக்கும் வித்தை போய்விடும். வா ஆனில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி, வாவுக்குள்ளேயே பொருத்தச் சொல்லுங்கள்.

கே: மிதிக்கும்போது கரகரவென்று சத்தம். உள்ளே சுழலும் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர்) மாற்ற வேண்டுமா சார்?

ப: முதலில் சுத்தம் செய்யுங்கள். அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, பாட்டின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை அடித்து, இருபது முப்பது தடவை மிதியுங்கள். சாதாரண துருநீக்கி எண்ணெய் வேண்டாம், பிசுக்குத் தங்கித் தூசியைப் பிடிக்கும். அப்புறமும் கரகரத்தால் கார்பன் பாதை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாவுக்கென்றே வரும் 100கே (100 கிலோ-ஓம்) பாட் வாங்குங்கள். கடையில் கிடைக்கும் லீனியர் பாட்டைப் போட்டால் ஸ்வீப் சரியாகப் பரவாது.

கழற்றும் முன் பாட்டைச் சுழற்றும் பல்சக்கரம் நிற்கும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளினாலே ஓசை மாறும். தட்டு முழுதும் இறங்குமுன் பாட் தன் எல்லையைத் தொட்டுவிட்டால், நாலு மிதியில் உள்ளே இருக்கும் தடுப்பு உடைந்துவிடும்.

கே: ஆஃப் செய்திருக்கும்போதும் ட்ரெபிள் மங்குகிறதே?

ப: பழைய வயரிங்கில் ஆஃப் செய்தாலும் சர்க்யூட்டின் இன்புட் கிட்டாரோடு ஒட்டியே இருக்கும். ஆஃப் செய்ததும் சர்க்யூட்டை முழுதாகத் துண்டிக்கும் ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச்சாக மாற்றினால் தீர்ந்தது.

கே: இன்னும் ஆழமாகப் பேச வைக்க முடியுமா? சால்டரிங் தெரியும்.

ப: இன்டக்டருக்கு (கம்பிச் சுருள்) இணையாக இருக்கும் 33கே ரெசிஸ்டரை 47கே முதல் 100கே வரை உயர்த்தினால் மேடு கூர்மையாகி, குரல்தன்மை கூடும். 0.01 மைக்ரோஃபாரட் ஸ்வீப் கபாசிட்டரை 0.015 ஆக்கினால் மொத்த வீச்சும் கீழே இறங்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது என்ன செய்தது என்று தெரியாது. சமீபத்திய போர்டுகளில் பாகங்கள் கடுகளவு. மெல்லிய முனை இல்லாமல் தொட வேண்டாம்.

கே: காலை ஆட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வாசிக்கிறார்களே?

ப: கிட்டாரிஸ்ட் மைக்கேல் ஷென்கர் பாணி. டிஸ்டார்ஷனை ஆன் செய்து ஒரு நோட்டை நீட்டிப் பிடித்து, குதிகாலிலிருந்து மெதுவாகத் திறவுங்கள். மூக்கடைத்தாற்போல் ஒலித்து, சட்டென்று நடு ஓசை துருத்திக்கொண்டு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதையும் தாண்டினால் பாஸ் காணாமல் போகும். தட்டு தானாக நழுவினால் பிவட்டை (தட்டு ஆடும் அச்சு) இறுக்குங்கள்.