கார்ட்டரைக் கைவிட்டவர்கள்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் (பைபிளே இறுதி என்று நம்பும் புராட்டஸ்டண்டுகள்) பத்தில் எட்டுப் பேர் 2016-ல் ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று கல்யாணம், சூதாட்ட விடுதி, பெண்களைப் பற்றி அந்தப் பேச்சு. பைபிளும் கையுமாக இருப்பவர்கள் இவரை எப்படி ஏற்றார்கள்? போதகர் சொன்னால் ஆட்டுமந்தை போலப் போய்விடுவார்களா?

செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

நீங்கள் 2016-ஐ வைத்துக் கேட்கிறீர்கள். நான் 1980-ஐ வைத்துக் கேட்பேன். அன்றைய ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பக்கம் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர், ஜனாதிபதியாக இருந்தபோதும் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்ட். எதிரே குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன், ஹாலிவுட் நடிகர், விவாகரத்து ஆனவர், 1967-ல் கலிபோர்னியா கவர்னராகக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டவர். வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பெரும்பாலோர் ரீகன் பக்கம் போனார்கள். வேட்பாளரின் பக்தியைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் அப்போதே முடிந்துவிட்டது.

கருக்கலைப்புதான் காரணம் என்பார்கள். ஆனால் 1971-ல் அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் சபையே சில சூழல்களில் அதை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 1973-ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது முதலில் களத்தில் நின்றவர்கள் கத்தோலிக்கர்கள். இவாஞ்சலிக்கல்களைக் கிளப்பிவிட்டது பெருமளவுக்கு வரி விவகாரம். இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிச்சலுகையில் அரசு கை வைத்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் அதை 1976-ல் இழந்தது. 1978-ல், கார்ட்டர் ஆட்சியில், வருமானவரித் துறை தனியார் பள்ளிகளுக்குப் புதிய விதிகளை முன்வைத்ததும் கொந்தளித்துவிட்டார்கள். அது மட்டுமே காரணம் என்பது மிகை, அரசுப் பள்ளியில் பிரார்த்தனைக்குத் தடை, அரசியல் சட்டத்தில் பெண்ணுரிமைத் திருத்தம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1979-ல் போதகர் ஜெரி ஃபால்வெல் இவர்களை அரசியலில் திரட்ட 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். மறு வருடம் டல்லாஸில் போதகர்கள் கூட்டத்தில் ரீகன், "நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன்" என்றார். வரிச்சலுகை பெறும் சபைகள் வேட்பாளருக்குப் பிரசாரம் செய்யக்கூடாது என்று 1954-லிருந்து சட்டம். ரீகன் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டினார், கெட்டிக்காரர்!

பிறகு நடந்ததெல்லாம் பேரம், ஓட்டுக்குப் பதில் நீதிபதிகள். 2016-ல் ட்ரம்ப், உச்ச நீதிமன்றத்துக்குத் தான் யாரிலிருந்து நீதிபதிகளைத் தேர்வு செய்வேன் என்று பட்டியலையே வெளியிட்டார். அவர் நியமித்த மூவரும் இருந்த பெரும்பான்மைதான் 2022 ஜூனில் 1973 தீர்ப்பை ரத்து செய்தது.

அப்புறம் அந்த ஆட்டுமந்தை. இங்கே பல சமயம் மந்தைதான் மேய்ப்பர்களை இழுத்துக்கொண்டு போனது. சதர்ன் பாப்டிஸ்ட் சபையில் பொறுப்பில் இருந்த ரஸ்ஸல் மூர் வெளிப்படையாக ட்ரம்பை எதிர்த்தார், கடைசியில் 2021-ல் அவர்தான் வெளியேற வேண்டியிருந்தது. இவாஞ்சலிக்கல் பத்திரிகையான 'கிறிஸ்டியானிட்டி டுடே' 2019 டிசம்பரில் ட்ரம்பைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லித் தலையங்கம் எழுதியது. ஓட்டு அசையவில்லை.

பேரம் எனக்குப் புரிகிறது, எல்லா ஓட்டு வங்கியும் செய்வதுதான். ஆனால் அளவுகோலே மாறியதை அப்படி விட முடியாது. தனி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவரும் பொறுப்பில் நேர்மையாக நடக்கலாம் என்று 2011-ல் இவர்களில் 30 சதவீதம் பேர்தான் ஒரு கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். 2016-ல் 72 சதவீதம். அதே பைபிளைப் படிக்கும் கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளோ பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்கே போடுகிறார்கள். ஆக, எல்லாவற்றையும் வேதத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

2024-ல் ட்ரம்ப் கருக்கலைப்பை மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவினார், நாடு தழுவிய தடை என்ற பழைய கோரிக்கையும் குடியரசுக் கட்சி அறிக்கையிலிருந்து போய்விட்டது. அப்போதும் பத்தில் எட்டு ஓட்டு அப்படியே விழுந்தது. அதைப் பேரம் என்றும் சொல்ல முடியாது, அவர்கள் இப்போது கட்சிக்காரர்கள்.