சிகாகோவின் சட்டமும் நம் கடற்கரையும்

கேள்வி: அமெரிக்காவிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டம் சிகாகோவில்தான் உள்ளது, கொலைகளும் அங்கேதான் மிகுதி என்கிறார் அந்நாட்டில் வாழும் என் மைத்துனர். நம் இராமநாதபுரம் மாவட்டத்திலோ துப்பாக்கியே இல்லாமல் அரிவாளால் கொலை நடக்கிறது. கொல்லத் துணிந்தவனைச் சட்டம் தடுக்காது என்னும்போது, கடலில் அச்சத்தோடு தொழில் செய்யும் நம் மக்களுக்குத் துப்பாக்கி உரிமத்தைத் தாராளமாக வழங்கக் கோரி விண்ணப்பம் எழுத எண்ணுகிறோம். ஆதரிப்பீர்களா?
- வாசகர், தொண்டி

பதில்: ஆதரிக்க மாட்டேன். கொலை வீதத்தில் சிகாகோவே முதலிடம் என்ற பொருளில் தங்கள் மைத்துனர் சொன்னது பிழை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2020ஆம் ஆண்டில் சிகாகோவில் ஏறத்தாழ 770 பேர் கொல்லப்பட்டனர். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அது சுமார் 27 லட்சம் பேர் வாழும் நகரம் என்பதால், லட்சம் பேருக்கு 28 கொலைகள் என்று கணக்கு வருகிறது. அதே ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் மட்டுமே வாழும் செயிண்ட் லூயிஸ் நகரில் 263 கொலைகள் நடந்தன. அது லட்சத்துக்கு 87. அந்த நகரம் உள்ள மிசௌரி மாநிலம், கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற விதியை 2007இல் நீக்கியது. அதன்பின் மாநிலத்தில் துப்பாக்கிக் கொலைகள் கூடின என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். செயிண்ட் லூயிஸின் நகர எல்லை மிகக் குறுகியது என்பதால் அதன் வீதம் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் சிகாகோ முதலிடத்தில் இல்லை.

மைத்துனரின் வாதத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. சிகாகோ 1982இல் கைத்துப்பாக்கிக்குத் தடை விதித்தது. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்தத் தடை வீழ்ந்தது. தடை நடப்பில் இருந்த 1992இல் அங்கு 943 பேர் கொல்லப்பட்டனர். தடை ஏன் தடுக்கவில்லை? காரைக்காலில் மது மலிவாகக் கிடைக்கும் வரையில் நாகப்பட்டினத்துச் சோதனைச் சாவடியில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் பாட்டில்கள் வந்து சேர்வதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிகாகோவை ஒட்டியே இண்டியானா மாநிலத்தின் எல்லை. அங்கே சட்டம் தளர்வு. குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் முதலில் எங்கே விற்கப்பட்டன என்று ஆராய்ந்த சிகாகோ மாநகர நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ 60 விழுக்காடு பிற மாநிலங்களிலிருந்து வந்தவை. இண்டியானாவிலிருந்து மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. தடையால் பயனில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு. ஒரு நகரம் தனியாக விதிக்கும் தடைக்கு அண்டை மாநிலக் கடை முடிவுரை எழுதிவிடுகிறது என்பதையே இது காட்டுகிறது.

சட்டம் எழுதிவிட்டாலே கொலைகள் குறைந்துவிடும் என்று நானும் சொல்லவில்லை. நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கோரும் சட்டம் 1911 முதல் இருக்கிறது. 1990இல் அங்கே 2,245 கொலைகள், 2017இல் 292. இரு ஆண்டுகளிலும் அந்தச் சட்டம் இருந்தது. போதைப்பொருள் சந்தையின் எழுச்சியும் வீழ்ச்சியும், காவல்துறையின் செயல்முறையும், வேலைவாய்ப்பும் கொலை எண்ணிக்கையை ஆட்டிப்படைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்குவது எந்தத் தரப்புக்கும் அழகல்ல.

இனி அரிவாளுக்கு வருவோம். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் வழக்குப் பதிவுகளில் எத்தனை முறை ஏறியிருக்கிறது என்பதை நம் பகுதியில் எவரும் அறிவர். சீமைக்கருவேலம் வெட்டவும் தேங்காய் சீவவும் வீட்டுக்கு வீடு இருக்கும் கருவி அது, அதை ஒழிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. ஆயினும் 'எதைக் கொண்டும் கொல்வான்' என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிகாகோ காவல்துறைப் பதிவுகளையே வைத்து பிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற சட்ட அறிஞர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கித் தாக்குதல்களில் உயிரிழப்பு கத்தித் தாக்குதல்களைப் போல் சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது. பெரும்பாலான கொலைகள் நெடுநாள் திட்டத்தால் விளைந்தவை அல்ல; சச்சரவு முற்றிய கணத்தில் கைக்கு எது அகப்பட்டதோ அதுவே, அடிபட்டவர் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவாரா, பிணவறைக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. 2022இல் இந்தியா முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. நம்மில் நான்கில் ஒரு பங்கு மக்கள்தொகை கொண்ட அமெரிக்காவில் 2021இல் கொல்லப்பட்டோர் சுமார் 26,000 பேர். அவர்களில் ஐந்தில் நால்வர் துப்பாக்கியால் மாண்டனர். நம்மிடம் கோபமும் பகையும் சாதி வெறியும் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஓட்டைகளோடுதான் என்றாலும், நாடு முழுமைக்கும் ஒன்றாக இருப்பதற்கு இந்த வேறுபாட்டில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிக் குண்டுகள் வெளிவந்தன. இலங்கைப் போராளிக் குழுக்கள் நடமாடிய காலத்தின் எச்சம் அது. ஆயுதம் ஒருமுறை கரையேறினால் எத்தனை ஆண்டுகள் தங்கிவிடும் என்பதை நம் மண்ணே காட்டிவிட்டது.

கடலில் இருக்கும் அச்சம் உண்மையானது. அதைச் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கச்சத்தீவை ஒட்டி மீன்பிடிக்கும் ஒரு விசைப்படகில் துப்பாக்கி இருப்பதாக ஐயம் எழுந்தாலே, இன்று கைதோடும் படகுப் பறிமுதலோடும் முடிவது துப்பாக்கிச் சூட்டில் முடியும். ஆயுதமற்ற எளிய தொழிலாளி என்பதே நம் மீனவருக்காக அரசும் வழக்கறிஞர்களும் எடுத்துவைக்கும் முதல் வாதம். தங்கள் விண்ணப்பம் அந்த வாதத்தைப் பறித்துவிடும். சிறைப்பட்டவர்களை விடுவிக்கவும், பிடிபட்ட படகுகளுக்கு இழப்பீடு பெறவும் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதில் என் கையெழுத்து முதலில் இருக்கும்.