வலித்தது சரி, பலித்ததா?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பயிற்சித் தேர்வு ஒன்றில், ‘ஈரான் விஷயத்தில் அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பலன் தந்திருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். ஈரான் நாணயமான ரியாலின் மதிப்பு சரிந்தது, எண்ணெய் ஏற்றுமதி விழுந்தது என்றெல்லாம் காட்டி, ‘வெற்றிதான்’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. தோல்வி என்று எழுதியிருக்க வேண்டுமா?

பதில்: தோல்வி என்று எழுதியிருந்தாலும் அதே மதிப்பெண்தான் வந்திருக்கும். நீங்கள் திரட்டிய தகவல்களில் பிழையில்லை. ஆனால், ஈரானுக்கு எவ்வளவு வலித்தது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. வாஷிங்டன் கேட்டது கிடைத்ததா என்பதல்லவா கேள்வி? கடன் வாங்கியவர் வாசலில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தவரிடம், ‘பணம் வந்ததா?’ என்றுதானே விசாரிப்போம்.

ஆகவே விடையின் முதல் வரியில், அமெரிக்கா என்ன கேட்டது என்பதை எழுதிவிடுங்கள். இதற்கு ஈரான் மிகவும் தோதான உதாரணம். ஒரே நாட்டின் மீது பொருளாதாரத் தடை என்ற ஒரே ஆயுதம் இரண்டு முறை ஏவப்பட்டது. முடிவுகள் நேர்மாறாக வந்தன.

2010 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு சபை ஈரான் மீதான தடைகளை இறுக்கியபோது, ரஷ்யாவும் சீனாவும்கூட ஆதரித்து வாக்களித்தன. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெயை வாங்குவதை நிறுத்தியது. ஈரானிய வங்கிகள் பல, நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ‘ஸ்விஃப்ட்’ வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயாக இருந்த எண்ணெய் ஏற்றுமதி ஏறக்குறைய பாதியானது. அப்போது கேட்கப்பட்டது குறுகிய விஷயம்: அணுத் திட்டத்தைக் கட்டுக்குள் வை, சோதனையாளர்களை உள்ளே விடு.

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் எட்டிய ஒப்பந்தத்தில் அது கிடைத்தது. யுரேனியச் செறிவூட்டல் (அளவு கூடக் கூட அணுகுண்டுக்கு நெருக்கம்) 3.67 சதவீதத்தைத் தாண்டாது, செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் போகாது, செறிவூட்டலுக்கான சுமார் 19,000 மையவிலக்குக் கருவிகள் ஏறத்தாழ 6,100 ஆகக் குறையும் என்று ஈரான் ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை அடுத்தடுத்து அறிக்கை கொடுத்தது.

இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள். ‘தடை போட்டார்கள், பணிந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். தடைகள் இறுகிய அதே ஆண்டுகளில்தான் அந்த மையவிலக்குக் கருவிகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. ஈரான் மண்ணில் செறிவூட்டலே கூடாது என்ற பழைய நிபந்தனையிலிருந்து அமெரிக்கா இறங்கி வந்தது. 2013 ஈரான் அதிபர் தேர்தலில், பேச்சுவார்த்தையை ஆதரித்த ரூஹானி வென்றார். ஓமான் நடுவில் நின்று ரகசியப் பேச்சுக்கு வழி செய்தது. இவையெல்லாம் சேர்ந்த பிறகே பூட்டு திறந்தது.

2018 மே 8 அன்று டிரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகினார். இரண்டே வாரத்தில் வெளியுறவு அமைச்சர் பாம்பியோ 12 நிபந்தனைகளை வாசித்தார்: செறிவூட்டலை அடியோடு நிறுத்து, ஏவுகணைத் திட்டத்தை முடக்கு, சிரியாவிலிருந்து வெளியேறு என்று பட்டியல் நீண்டது. ஓர் அரசு இத்தனைக்கும் தலையாட்டினால் அது அரசாக நீடிக்குமா என்பதே சந்தேகம்.

ஐரோப்பிய அரசுகள் எதிர்த்தன. ஆனால் டாலரில் வணிகம் செய்யும் வழியை இழக்க அஞ்சிய கம்பெனிகள் ஓடிவிட்டன; பிரான்ஸின் டோட்டல் நிறுவனமே ஈரானின் தெற்கு பார்ஸ் எரிவாயுத் திட்டத்தைக் கைவிட்டது. ஏற்றுமதி முதல் சுற்றைவிடவும் கீழே போனது. வலி கூடியது, பலனோ தலைகீழானது. 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது. 2025 ஜூனில் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் மீது அமெரிக்கா குண்டு வீசியது. தடை பலித்திருந்தால் குண்டுக்கு வேலை இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஈரான் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்களுக்குப் போகும் பணம் குறைந்ததே என்று டிரம்ப் தரப்பு வாதிடும். அதையும் ஒரு வரி எழுதுங்கள், நியாயமான வாதம்தான். ஆனால், இன்னும் நல்ல ஒப்பந்தம் என்று அறிவித்த இலக்கு வந்து சேரவில்லை.

காரணமாக ஒன்றை அழுத்திச் சொல்லலாம். பணிந்தால் தடை நீங்கும் என்ற வாக்கை எதிராளி நம்ப வேண்டும். லிபியாவின் கடாஃபி 2003-இல் தன் ஆயுதத் திட்டங்களைக் கைவிட்டார். 2011-இல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே கொல்லப்பட்டார். ஓர் அமெரிக்க அதிபர் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை அடுத்த அதிபர் கிழித்துப்போடுவதையும் தெஹ்ரான் பார்த்துவிட்டது.

இந்தியாவைச் சேர்க்க விரும்பினால் கடைசிப் பத்தியில் சேருங்கள். முதல் சுற்றில் ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதியை யூகோ வங்கி வழியாக ரூபாயில் கொடுத்துச் சமாளித்தோம். ஈரான் எண்ணெயை வாங்க அமெரிக்கா அளித்த விலக்கு 2019 மே மாதம் முடிந்ததும் வாங்குவதையே நிறுத்திவிட்டோம். இத்தனைக்கும் மணலியில் ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில், ஈரானின் அரசு எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த நாஃப்டிரானுக்கு சுமார் 15 சதவீதப் பங்கு உண்டு. ஈரான் எண்ணெயை வாங்க ஐ.நா. தடை எதுவும் இல்லாத நேரத்தில், வாஷிங்டனின் உள்நாட்டுச் சட்டத்துக்காக டெல்லி ஒதுங்கிக்கொண்டது. தெஹ்ரானிடம் பலிக்காத அழுத்தம் டெல்லியிடம் பலித்தது என்று எழுதுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.