பரிசே தராமல் ஒரு கேம் நம்மை விடாமல் விளையாட வைக்க முடியுமா?

தினசரி போனஸ், லெவல் போன்ற தூண்டில்கள் இல்லாமல், விளையாட்டின் உலகமே ஒருவரைத் தொடர்ந்து விளையாட வைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கும். நான் மாட்டிக்கொண்டது 2017 மார்ச்சில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில்.

தொடக்கத்தில் நாயகன் லிங்க் குகையிலிருந்து வெளியே ஓடி வந்து குன்றின் விளிம்பில் நிற்கிறான். எதிரே நாடு முழுவதும் விரிந்து கிடக்கிறது. தூரத்தில் எரிமலை, நடுவில் ஒரு கோட்டை. இறுதிப் பகைவன் இருப்பது அங்கேதான். முதல் பீடபூமியை முடித்துப் காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடர் கிடைத்துவிட்டால் நேரே அங்கு போகலாம், தடையே இல்லை. நானும் கோட்டைக்கென்றுதான் கிளம்பினேன். போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று!

குற்றவாளி, மலைகள். இதை உருவாக்கியவர்களே அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்னும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ரகசியத்தை உடைத்தார்கள்: நிலமெங்கும் முக்கோண வடிவங்களை வைத்திருக்கிறார்கள். முக்கோணக் குன்று பின்னால் இருப்பதை மறைக்கும். ஆனால் சரிவாக இருப்பதால், சுற்றிப் போனாலும் ஏறிப் போனாலும் மறைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். பாதி தெரிந்த ஒன்றை முழுதாகப் பார்க்காமல் திரும்ப யாருக்கு மனம் வரும்?

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, இந்தக் குன்றோடு போதும் என்று ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு ஒளி. உள்ளே புதிர் வைத்திருக்கும் சிறு கோயில்களில், நான் இன்னும் போகாத ஒன்று. இறங்கும் வழியில் வரிசையாகச் சில சிலைகள், முன்னால் கிண்ணங்கள். ஒன்றில் மட்டும் படையல் இல்லை. ஓர் ஆப்பிளை வைத்தேன். கோரோக் என்னும் இலைமுகக் குட்டி ஒன்று தோன்றி ஒரு விதையைக் கொடுத்தது. அதற்குள் மழை. பாறை வழுக்கியதால் ஏற முடியாமல் வேறு வழி தேட, அங்கே குதிரை லாயம் ஒன்று கண்ணில் பட்டது. அணைக்கும்போது மணி ஒன்றரை.

கோபுரங்களையும் சொல்ல வேண்டும். திறந்த உலக விளையாட்டுகள் பலவற்றில் கோபுரம் ஏறினால் வரைபடம் முழுக்கக் குறியீடுகள் கொட்டும். அதன்பிறகு விளையாடுவது மளிகைப் பட்டியலைச் சரிபார்ப்பது போலத்தான். இதில் நிலத்தின் வடிவம் மட்டுமே கிடைக்கிறது. தொலைநோக்கியால் பார்த்து, போக விரும்பும் இடத்தில் நாமே குறி வைக்க வேண்டும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 120 கோயில்களிலும் உள்ளே ஒரே கல், ஒரே நீல ஒளி. பாதிக்கு மேல் எனக்குச் சலித்துவிட்டது. வெளியே சுற்றுவதுதான் சலிக்கவில்லை.

கோரோக் விதைகள் மொத்தம் 900. அவ்வளவையும் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசு, சாணம் போலச் சுருண்ட பொன்னிறப் பொருள் ஒன்று. உருவாக்கியவர்களின் குறும்பு. அது தெரிந்த பிறகும், மலையுச்சியில் தனியாக ஒரு கல் கிடந்தால், அடியில் கோரோக் இருக்குமோ என்று நான் அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.