கடலடியில் சென்சார்களை வைத்து நிலநடுக்கம், நிலச்சரிவு அபாயங்களை ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதில் எது கடினம்?

ஆழம்தான் என்று பலரும் நினைப்பார்கள். கடலடி அழுத்தத் தரவுகளோடு வேலை செய்பவன் என்ற முறையில், எனக்குக் காலம்தான் கடினமாகத் தெரிகிறது.

தரை எவ்வளவு உயர்கிறது, தாழ்கிறது என்பதை நீரின் அழுத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறோம். தரை 1 செ.மீ. உயர்ந்தால் அதன் மேலுள்ள நீர் 1 செ.மீ. குறையும். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலும் நல்ல குவார்ட்ஸ் சென்சார் இதை உணர்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சென்சாரின் அளவீடே ஆண்டுக்குச் சில செ.மீ. அளவுக்குத் தானாக விலகிப்போகும். நாம் தேடும் நகர்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நகர்ந்தது தரையா, கருவியா? இதற்காகவே இப்போது சென்சாரை அவ்வப்போது கடல்நீரிலிருந்து துண்டித்து, கருவிக் கூட்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கவைத்து, ஒரு காற்றழுத்தமானியோடு ஒப்பிட்டு விலகலைக் கழிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

பக்கவாட்டு நகர்வுக்கு ஜிபிஎஸ் நேரடியாக உதவாது, ரேடியோ அலை நீருக்குள் போகாது. கருவிகள் ஒன்றுக்கொன்று ஒலி அனுப்பித் தூரத்தை அளக்கும். இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவு கடலுக்குள்ளும் நீள்கிறது. ஜெர்மனியின் ஜியோமார் ஆய்வு மையம் 2016இல் அங்கே இப்படி ஐந்து கருவிகளை இறக்கியது. மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. 2017 மே மாதம் எட்டே நாளில் 4 செ.மீ. சறுக்கல்! இடையில் கருவிகளை எடுத்திருந்தால் அது பதிவாகியே இருக்காது.

கருவிகளைக் கேபிளால் கரையோடு இணைப்பதா, பேட்டரியில் தனியே இயங்க விடுவதா என்றும் கேட்பார்கள். 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவுக்குப் பிறகு ஜப்பான் எஸ்-நெட் என்று 150 நிலையங்களைச் சுமார் 5,500 கி.மீ. கேபிளால் இணைத்தது. தரவு உடனுக்குடன் கரைக்கு வருகிறது. ஆனால் செலவு மிக அதிகம், கேபிளும் அறுபடலாம். 1929இல் கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நடந்த கடலடிச் சரிவு 12 தந்திக் கேபிள்களை அறுத்தது. (அவை அறுந்த நேரங்களை வைத்துத்தான் பின்னாளில் அந்தச் சேற்றோட்டத்தின் வேகத்தையே கணக்கிட்டார்கள்.)

சுனாமி எச்சரிக்கைதான் நோக்கம் என்றால் கேபிள் போடுங்கள், அங்கே நிமிடங்கள் உயிர்களைக் காக்கும். மெதுவான நகர்வைப் பின்தொடர பேட்டரிக் கருவிகள் போதும். ஆனால் கருவியை மாற்றினாலும் அளக்கும் இடத்தை மாற்றாதீர்கள். புதுக் கருவி வாங்கும் முன்பு, பழையதைச் சரிபார்க்கும் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.