கோல்ஃப் ஆடி முடித்ததும் எல்லோரும் குடிக்க உட்கார்வது ஏன்? தொழில்முறை வீரர்களும் அப்படித்தானா? குடிக்காதவன் கோல்ஃப் பழகலாமா?

தாராளமாகப் பழகலாம். ஆபீஸில் மேலதிகாரியோடு ஆடப் போயிருப்பீர்கள், முடிந்ததும் கையில் கிளாஸைத் திணித்திருப்பார்கள், சரிதானே? சோடாவில் எலுமிச்சை பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரவுண்டுக்கு மேல் அடுத்தவன் கிளாஸை யாரும் பார்ப்பதில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்றால், நான் கோல்ஃப் ஆடினவன் இல்லை, பை சுமந்தவன். பதினாறு வயதிலிருந்து ஆறு வருடம் நீலகிரியில் ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்) கேடியாக இருந்தேன். வேலை கிடைத்த அன்று அப்பாவிடம் போய் "என்னைக் கேடியா சேத்துக்கிட்டாங்கப்பா" என்றேன். அவருக்குத் தெரிந்த கேடி, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டியிருக்கும் கேடி. விளக்குவதற்குள் ஒரு அறை விழுந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 18 குழி ஆட நாலு மணி நேரம் ஆகும், மலை மைதானம் என்றால் ஏற்ற இறக்கத்தில் முழங்கால் கழன்றுவிடும். அதற்கப்புறம் உட்காரும் பாருக்கு '19-ஆவது குழி' என்றே பெயர். பந்தயப் பணம் கைமாறுவது அங்கே, தவறவிட்ட பந்துக்குக் காற்றின் மேல் பழி போடுவதும் அங்கே. ஆனால் இது மெம்பர்களின் பழக்கம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள் ஆட்டம், இரண்டாம் நாளோடு பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள், கழிந்தவனுக்குப் பரிசுப் பணம் பெரும்பாலும் கிடையாது, ஓட்டல் செலவு மட்டும் கையைக் கடிக்கும். மறுநாள் காலையில் ஆட வேண்டியவன் எங்கே போய்க் குடிப்பான்? குடித்தவர்களும் இருந்தார்கள். 1991-இல் பிஜிஏ, 1995-இல் பிரிட்டிஷ் ஓபன் என்று இரண்டு பெரிய போட்டிகளை ஜெயித்த அமெரிக்கர் ஜான் டேலி குடியால் பட்ட பாட்டை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் தொழில்முறை வீரர்களைக் கிளப் கட்டடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். 1920-இல் இங்கிலாந்தில் டீல் என்ற ஊரில் நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்குப் போன அமெரிக்கர் வால்டர் ஹேகன், ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார். அந்த வருட அமெரிக்க ஓபனை நடத்திய இன்வர்னெஸ் கிளப் தொழில்முறை வீரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, வீரர்கள் காசு சேர்த்து ஒரு பெரிய கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஜனவரி சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

ஒரே அடியில் பந்து குழியில் விழுந்தால் அடித்தவர்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும், அது மரபு. ஜப்பானில் இந்தச் செலவுக்கு இன்ஷூரன்ஸே உண்டு. அன்றைக்கு எங்கள் சாருக்கு விழுந்தது. அவர் கேட்டது எட்டாம் நம்பர் ஸ்டிக். மலை உயரத்தில் பந்து கூடுதல் தூரம் போகும், அது அவர் கணக்கு. எதிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, நான் ஏழாம் நம்பரை உருவிக் கொடுத்தேன் (நம்பர் குறைந்தால் பந்து தூரம் போகும்). பந்து இரண்டு குதி குதித்து, உருண்டு, காணாமல் போனது. என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார் மனுஷன்.

அப்புறம் உள்ளே போனார்கள். நான் பின்பக்கப் படியில் ஸ்டிக்குகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாலையும் துடைத்து, மறுபடி முதலிலிருந்து துடைத்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம், சமையல்கட்டு ஜன்னல் வழியாக முந்திரி வறுக்கிற வாசனை, வெளியே பனி. எட்டரைக்கு வந்தார், என் கூலியை எண்ணிக் கொடுத்தார், ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எமரால்டு போகும் கடைசி பஸ் போயிருந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டார்.

எல்லா மெம்பரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். என் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவரும் ஒரு மெம்பர்தான். குடியையும் நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பழக்கம் உண்டு. குறை சொல்வதென்றால் கீழே சமவெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சொல்வேன். இப்போது டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், பைக்காரா வழியில் புல்மேடு முழுக்கக் கண்ணாடிச் சில். 2022-இலிருந்து இங்கே காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும், அதற்கும் சோம்பல். யானைக் காலில் ஏறினால் நீங்களா வந்து பிடுங்குவீர்கள்?

எங்கேயோ போய்விட்டேன். 2009-இல் இந்தியன் ஓபன் ஜெயித்த பெங்களூர் முனியப்பா கேடியாக இருந்து வந்தவர்தான். அவரைப் போலப் பை சுமந்து மேலே வந்த ஒருவர் ஒருமுறை எங்கள் கிளப்புக்கு ஆட வந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே ரோட்டோர டீக்கடைக்கு எங்களோடு வந்து, சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, "எல்லாருக்கும் டீ போடுங்கண்ணா" என்றார். உள்ளே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று பேரர் ஓடிவந்து கூப்பிட்டார். அவர் கையில் பாதி நனைந்த வர்க்கி. "இது முடியட்டும், வரேன்னு சொல்லுங்க."