காதடைப்பு என்று சொல்லி நாட்களைக் கடத்த வேண்டாம்

கேள்வி: நான் பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருக்கும் ஆய்வு மாணவி. அறைக்குப் பின்னால் ஜெனரேட்டர், எதிரே கட்டுமானப் பணி, ஆய்வகத்தில் சோனிகேட்டர் (மீயொலி அதிர்வால் மாதிரிகளை உடைக்கும் கருவி) என நாள் முழுவதும் சத்தம்தான். இரவில் இரண்டு காதுகளிலும் ரீங்காரம் கேட்கிறது. சென்ற வாரம் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்றிருந்தேன். அதற்கு மூன்று நாள் கழித்து, ஒரு காலையில் எழுந்தபோது இடது காது அடைத்தாற்போல் இருந்தது. நான்கு நாட்களாக வலது காதில்தான் போன் பேசுகிறேன். கடையில் வாங்கிப் போட்ட சொட்டு மருந்தால் பலன் இல்லை. மூளைக்கட்டியாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்தேன். நான் செவிடாகிவிடுவேனா?

பதில்: இன்றே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். ஜெனரேட்டர், கட்டுமானம் என்று சத்தங்களை வரிசையாக எழுதிய நீங்கள், போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்துவது அது ஒன்றுதான். விழாச் சத்தத்தால் வரும் மந்தம் பெரும்பாலும் அன்றிரவே, இரண்டு காதுகளிலும் தெரியும். ஓரிரு நாளில் விலகிவிடும். மூன்று நாள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது ஒரு காலையில் திடீரென மந்தமாவது வேறு கதை. 72 மணி நேரத்துக்குள் ஒரு காதின் கேட்கும் திறன் 30 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இறங்கினால், அதை உட்காதின் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறோம். பலருக்கு இதன் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலனை எதிர்பார்க்க முடியும். மருந்தில்லாமல் தானே திரும்பி வருவதும் உண்டு என்றாலும், யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாதபோது காத்திருப்பது சூதாட்டம்.

வாயை மூடி 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். குறும்பியோ சளியோ அடைத்திருந்தால் அந்த ஒலி அடைத்த காதிலேயே ஓங்கிக் கேட்கும். உட்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல காதின் பக்கம் சாய்ந்துவிடும். மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதையேதான். முனகல் வலது காதில் கேட்டால் அவசரம் இன்னும் கூடுகிறது; இடது காதில் கேட்டாலும், ஆடியோகிராம் (செவித்திறன் பரிசோதனை) எடுக்காமல் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

சொட்டு மருந்தை இப்போதே நிறுத்துங்கள். காதுக்குள் எட்டிப் பார்க்காத கடைக்காரர் எதை நம்பி அதைக் கொடுத்தார், நீங்கள் எதை நம்பி ஊற்றிக்கொண்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. செவிப்பறையில் துளை இருந்தால், ஜென்டமைசின் போன்ற மருந்துகள் கலந்த சொட்டு உள்ளே இறங்கி உட்காதையே கெடுக்கக்கூடும். அதே கடையில் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாகவே வாங்கி விழுங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வயிற்றுப் புண், பழைய காசநோய் ஆகியவற்றை விசாரித்த பிறகே அதைத் தர வேண்டும்.

கட்டியைப் பற்றி ஒரே வார்த்தை: செவி நரம்பில் வளரும் கட்டி மிக அரிது, புற்றுநோயும் அல்ல. ஒரு காது மட்டும் மந்தமானவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வது வழக்கமான நடைமுறை; அந்தச் சீட்டைப் பார்த்ததும் மீண்டும் இணையத்தில் தேட உட்காராதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சத்தம் யாரையும் ஒரே நாளில் முழுச் செவிடாக்குவது அபூர்வம். உட்காதில் இருக்கும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்களில் (ஒலியை உணரும் அணுக்கள்) முதலில் சாவன 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்சுருதி ஒலிகளைப் பிடிப்பவை. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. அந்த உயர்சுருதி ஒலிகள் நழுவுவதால்தான் இப்படி வருகிறவர்கள் "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்கிறார்கள். இரவு ரீங்காரம் அந்த அணுக்கள் களைத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அறை அமைதியாக இருப்பதால் அது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான், உங்கள் விழா மேடையின் ஒலிபெருக்கி அருகே அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். அளவி தேவையில்லை: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால், அந்த இடம் ஆபத்தானது. விடுதி ஜெனரேட்டர் பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்கும், காதைக் கெடுப்பதில்லை. அதை மறைக்க இயர்போனை உச்சத்தில் வைத்துக்கொண்டு உறங்கும் பழக்கம் இருந்தால், அதுதான் கெடுக்கும். சோனிகேட்டரை ஒலித்தடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி இயக்குங்கள். பெட்டி இல்லாவிட்டால், நுரைக் காதடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது உப்பும்வரை அழுத்திக்கொண்டிருங்கள். துவாரத்தின் வாயில் செருகிக்கொள்வதால் பயனில்லை.

மருத்துவமனைப் பதிவு மேசையில் "காதடைப்பு" என்று சொன்னால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். "திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, இத்தனை நாளாகிறது" என்று நாளைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள்.